ஸ்லெட் ஏறுது, தள்ளி நில்லுங்க!

விடியற்காலை நாலு மணி. கால்கரி நகரத்தில் ஒரு வீட்டு வாசல். மைனஸ் 22 டிகிரி. மூக்குக்குள்ளே இருக்கிற முடி உறைந்து ஊசியாகக் குத்துகிறது. நானோ கல்யாண வீட்டுக்குள் நுழைந்த சின்னப் பையன் மாதிரி இளித்துக்கொண்டு நிற்கிறேன். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

பனிமலையில் ஸ்னோமொபைல் சீறுகிற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் புழுதி பறக்க, ஆள் எழுந்து நின்று ஓட்ட, வண்டி செங்குத்தாக மலை ஏறும். அந்த வண்டி அந்த மலையடிவாரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை மட்டும் யாரும் காட்டுவதில்லை. பல நேரம் பிக்கப் லாரியின் முதுகில் ஏறித்தான் வருகிறது. அதை ஏற்றுகிற கூத்தைப் பார்க்கத்தான் இந்தக் குளிரில் வந்திருக்கிறேன். இங்கே வேலை பார்க்கிற என் தம்பி, சித்தி மகன், செய்த ஏற்பாடு. "அண்ணே, ஓரமா நின்னு பாருங்க. எதையும் தொடாதீங்க" என்று நேற்றே மூன்று தடவை சொல்லிவிட்டான்.

வாங்க, முதலில் கராஜுக்குள் போவோம். டூ-ஸ்ட்ரோக் ஆயில் வாசனை நெஞ்சில் இறங்குகிறது. நம்மூர் பழைய யெஸ்டி பைக் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. ஹீட்டர் மேல் வரிசையாகக் கையுறைகள் காய்கின்றன, கருவாடு மாதிரி. ஒரு மூலையில் ஹெல்மெட்டுகள், பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் நீளக் கம்பி, மடக்கு மண்வெட்டி, சிக்னல் கருவி. அதன் மேலேயே முட்டை சாண்ட்விச் பொட்டலம். உயிர் காக்கும் சாமானும் காலைப் பலகாரமும் ஒரே கூடையில்.

நடுவில் இரண்டு ஸ்லெட்டுகள். இந்தப் பக்கத்தில் யாரும் ஸ்னோமொபைல் என்று முழுப்பெயர் சொல்வதில்லை; ஸ்லெட்தான். அதிலும் இவை 'லாங் டிராக்'. அடியில் ஓடுகிற ரப்பர் பட்டையின் சுற்றளவு 165 அங்குலம், அதாவது 4 மீட்டருக்கும் மேல். மலையில் இடுப்பளவு பஞ்சுப்பனியில் முங்காமல் மிதக்க அந்த நீளம் வேண்டும். பட்டை முழுக்க 3 அங்குல உயரத்துக்குத் துடுப்புகள். தொட்டுப் பார்த்தேன். சொன்னால் கேட்கிற ஜாதியா நான்?

வீட்டுக்காரர் வெல்டர், பெரிய மீசை. வெளியே போய் வந்த இரண்டு நிமிடத்தில் மீசையில் பனி கட்டிவிட்டது. கையில் மார்க்கரும் ஒரு அட்டைத் துண்டும். "ஏற்றுவதற்கு முன்னால் கணக்கு" என்றார். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர்: ஆட்களும் சுமையும் சேர்ந்து 1,540 கிலோவைத் தாண்டவே கூடாது. அட்டையில் எழுதினார். பின்னால் பொருத்திய அலுமினிய மேடை, அதாவது டெக், 170. ஸ்லெட்டுகள் இரண்டும் பெட்ரோல், ஒட்டிய பனி எல்லாம் சேர்த்து 500. மூட்டை முடிச்சு, பெட்ரோல் கேன் 100.

"இப்போது ஆட்கள்" என்றார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

மீசைக்காரர் தன் பங்குக்கு 104 என்று எழுதினார். கல்லூரியில் படிக்கிற மகள் மார்க்கரைப் பிடுங்கித் தானே 60 என்று எழுதினாள். யாரும் வாய் திறக்கவில்லை. தம்பி 82. நான் 71 என்றேன். தம்பி என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தான். மொத்தம் 1,087. எல்லைக்குள் இருக்கிறோம்! இதே கணக்கைப் போன வருடம் வைத்திருந்த சின்னப் பிக்கப்பின் ஸ்டிக்கரோடு போட்டுப் பார்த்தாராம். அங்கே எழுதியிருந்தது 690. அடுத்த மாதமே அந்த வண்டியை விற்றுவிட்டார். டெக் விற்கிறவர்கள் இரண்டு ஸ்லெட் தாங்கும் என்று சொல்வது டெக்கைப் பற்றி. கீழே இருக்கிற லாரியைப் பற்றி அல்ல. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் மிகப் பெரிய ரகசியம் அந்தக் கதவு ஸ்டிக்கர்தான். தினமும் கதவைத் திறக்கிற எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

சரி, இப்போது பெரிய சீன். டெக்குக்கு அடியிலிருந்து ரேம்ப்பைச் சர்ரென்று இழுத்தார்கள். மேல்முனையை டெக்கில் மாட்டி, பின் செருகி, அதற்கு மேல் ஒரு பட்டையாலும் கட்டினார்கள். நான் அது அதிகப்படி என்று நினைத்தேன். மகள் விளக்கினாள்: லாங் டிராக் ஏறும்போது அந்தத் துடுப்புகள் ரேம்ப்பைப் பிடித்துப் பின்னால் உதைக்கும். கட்டாவிட்டால் ஸ்லெட் பாதி மேலே, ரேம்ப் தெருவில், ஓட்டுகிற ஆள் அந்தரத்தில்.

தம்பி விளக்குமாறால் டெக்கின் மேல் ஐஸைப் பெருக்கினான். பிறகு, நம்புங்கள், வாசலிலிருந்து இரண்டு மண்வெட்டி புதுப்பனியை அள்ளி அதே இடத்தில் தூவினான். பெருக்கிய இடத்தில் மறுபடி குப்பை போடுவதா என்று திகைத்தேன். ஐஸ் வழுக்கிவிடும், ஆனால் வெறும் அலுமினியத்தில் ஸ்லெட்டின் முன்னால் இருக்கிற சறுக்குக் கட்டை, அதாவது ஸ்கீ, நகராது, அதன் கீழே பதித்திருக்கிற கடின உலோகப் பட்டை கீச்சென்று பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் மென்பனி இருந்தால் வெண்ணெயில் கத்தி.

"பின்னால் யாரும் நிற்கக் கூடாது!" மீசைக்காரர் கத்தினார். நின்றுகொண்டிருந்தது நான்தான். துடுப்பில் ஒட்டிய ஐஸ் கட்டி கல்லாகப் பறக்குமாம். தாவிப் போய்க் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒண்டினேன்.

ஏற்றுவது அப்பா என்று நினைத்திருந்தேன். ஏறி அமர்ந்தது மகள். முழங்காலை இருக்கையில் ஊன்றி, பாதுகாப்புக் கயிற்றை ஜாக்கெட்டில் மாட்டி, வலது கட்டைவிரலால் த்ராட்டிலை மெல்ல அழுத்தினாள். எஞ்சின் உறுமியது. ஸ்கீ ரேம்ப்பைத் தொட்டது. மூக்கு வானத்தைப் பார்த்தது. ஒரு வினாடி அவளுக்கு முன்னால் ஒன்றுமே தெரியாது, வானத்தைத் தவிர. அந்த வினாடியில்தான் விரலை எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் வண்டி பின்னால் சரியும். தாமதித்தால் டெக்கைத் தாண்டி, ஓட்டுநர் கூரையைத் தாண்டி...

டம்! மூக்கு கீழே சாய்ந்தது. முழு ஸ்லெட்டும் டெக்கில் அடங்கி நின்றது. கைதட்டிவிட்டேன். என்னைத் தவிர யாரும் தட்டவில்லை. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

"அப்பா ஏன் ஏற்றவில்லை?" என்று கேட்டேன். மகள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவின் விரல் அரை வினாடி தாமதித்ததாம். ஸ்லெட் கூரையில் ஏறி, ஒரு ஸ்கீ முன்கண்ணாடிக்கு மேல் தொங்க, மதில்மேல் ஆடு மாதிரி நின்றதாம். இறக்க அரை நாள். அன்றிலிருந்து ஏற்றுகிற உரிமை மகளுக்கு. மீசைக்காரர் இதையெல்லாம் காதில் வாங்காத மாதிரி ரேம்ப்பை நகர்த்திக்கொண்டிருந்தார். இரண்டாவது வண்டி பக்கத்து வண்டியை உரசாமல் ஏற வேண்டும். இரண்டு ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு உள்ளங்கை இடைவெளி. அதற்கு யாரும் மூச்சே விடவில்லை.

அடுத்தது கட்டுகிற வேலை. முன்னால் ஸ்கீகளின் மேல் குறுக்குக் கம்பி ஒன்றை வைத்து, கைப்பிடியைத் திருகத் திருக அது அமுக்கிப் பிடிக்கிறது. பின்னால் ராட்செட் பெல்ட். பெல்ட்டை நேராக இழுக்காமல் நடுவில் ஒரு முறுக்குக் கொடுத்தான் தம்பி. நேராக இருந்தால் காற்றில் அதிர்ந்து 400 கிலோமீட்டருக்கும் ஙொய் என்று பாடுமாம். இறுக்கி முடித்ததும் விரலால் மீட்டிப் பார்த்தான். வீணைத் தந்தி மாதிரி டங்கென்றது. ஒவ்வொரு பெல்ட்டிலும் அது தாங்கும் எடையைத் தைத்திருக்கிறார்கள். கனடாவில் பெரிய சரக்கு லாரிகளுக்கான விதிப்படி, கட்டுகளின் தாங்குதிறன் எல்லாம் சேர்ந்து சரக்கின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும். "எனக்குப் பாதி போதாது" என்று மீசைக்காரர் இன்னொரு பெல்ட்டையும் போட்டார். அந்தக் கூரை ஆடு இன்னும் மனதில் மேய்கிறது போல.

பிறகு ஒரு சுற்று நடந்து பார்த்தார். அகலம் 2.6 மீட்டருக்குள், அதற்கு மேல் போனால் தனி அனுமதி வாங்க வேண்டும். ஸ்லெட்டுகளின் வால் டெக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது லாரியின் விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கக் கூடாது என்பதால் டெக்கிலேயே தனி விளக்குகள். வாலில் ஒரு சிவப்புத் துணி. உற்றுப் பார்த்தேன்: ஏதோ ஹாக்கி அணியின் கிழிந்த பனியன். "தோற்றுக்கொண்டே இருந்தார்கள், இதற்காவது உதவட்டும்" என்றாள் மகள்.

கிளம்பியதும் காபி ஆசை வந்தது. டிரைவ்-த்ரூ கடை கண்ணில் பட்டது. மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்டீயரிங் பக்கத்தில் மஞ்சள் டேப்பில் '10 அடி 2 அங்குலம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. கடை வாசலில் தொங்குகிற கம்பியோ 9 அடியில். சட்டம் 4.15 மீட்டர் உயரம் வரை விடுகிறது, காபிக்கடை விடாது. இறங்கி நடந்து போய் வாங்கி வந்தது யார் என்று கேட்காதீர்கள்.

கான்மோர் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்கள். கிளம்பி 80 கிலோமீட்டருக்குள் கட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் அதே லாரிக்காரர் விதியிலிருந்து கடன் வாங்கிய பழக்கம். பார்த்தால், கல்லாக இறுகியிருந்த பெல்ட்டில் என் இரண்டு விரல் நுழைந்தது! குலுங்கிக் குலுங்கி ஸ்லெட்டின் சஸ்பென்ஷன் அமுங்கிவிட்டதாம். தம்பி கையுறையைக் கழற்றி, உறைந்த ராட்செட்டை ஊதி ஊதித் திறந்து, மறுபடி டங்.

அப்புறம் மலைகள். பான்ஃப், கிக்கிங் ஹார்ஸ் கணவாய், கோல்டன் என்று ஒன்றையொன்று மிஞ்சுகிற அழகு. அதற்கு வேறு கட்டுரை வேண்டும். ரோஜர்ஸ் கணவாய்க்கு முன்னால் சாலையை மூடிவிட்டார்கள். பனிச்சரிவு தானாக விழுவதற்கு முன்னால், ராணுவக்காரர்கள் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் மலையைச் சுட்டு விழவைக்கிறார்கள்! 1962இல் திறந்த இந்த நெடுஞ்சாலையில் குளிர்காலத்துக் காத்திருப்பு இப்படித்தான் வரும்.

அந்த வரிசையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். முன்னும் பின்னும் ஸ்லெட் சுமந்த பிக்கப்கள். எல்லோரும் இறங்கி அடுத்தவர் டெக்கை வலம் வருகிறார்கள், மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி. ஒருவர் ஸ்லெட் உறையைச் சரியாகக் கட்டாமல் வந்திருந்தார். அது காற்றில் அடித்து அடித்து நார்நாராகத் தொங்கியது. அவருக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர், அறிவுரை சொல்ல பதினாலு பேர். இன்னொருவர் எங்கள் டயரைக் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை இந்தப் பாதையில் குளிர்கால டயர் கட்டாயம்.

ஸ்லெட்டுகளின் வால் முழுக்க, சாலையில் போட்ட உப்பு அப்பிச் சாம்பல் பூசியிருந்தது. அதைப் பார்த்ததும் ஒருவர் ஞாபகம் வந்தது. இந்த இயந்திர வம்சத்தின் மூத்தவரான கியூபெக்கின் ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியர், பனி மூடிய ஊரில் மருத்துவமனைக்குப் போக வழியில்லாமல் 1934இல் தன் குழந்தையைப் பறிகொடுத்தவர். சாலையே இல்லாத இடத்துக்காக அவர் தேடிய வண்டி, இன்று சாலை திறக்கட்டும் என்று லாரி முதுகில் உட்கார்ந்து காத்திருக்கிறது. எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

ரெவெல்ஸ்டோக்கைத் தாண்டி போல்டர் மலையடிவாரத்துக்கு வந்தபோது நண்பகல் நெருங்கிவிட்டது. தம்பிக்கு ஊரில் எடுத்த வாடகை ஸ்லெட் தயாராக நின்றது. இறக்குவது ஒரு நிமிட வேலை: ஒரு பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிட்டத்தட்ட நின்று, எதிர்த்திசையில் சுழல ஆரம்பிக்கிறது; பீப் பீப் என்று பின்னாலேயே இறங்கிவிடுகிறது. புதுப்பனியில் இரண்டு வட்டம் அடித்ததும் உப்பெல்லாம் உதிர்ந்து வண்டி பளிச்சென்றது.

மூன்று ஹெல்மெட்டுகளும் மாட்டியாயிற்று. எனக்கு ஏதாவது சொல்லப் போகிறார்கள் என்று ஆவலாக நின்றேன். மீசைக்காரர் நேராக என்னிடம் வந்து கையில் ஒன்றைத் திணித்தார். விளக்குமாறு.

"திரும்பும்போது டெக்கில் ஒரு துளி ஐஸ் இருக்கக் கூடாது. பின்னால் வருகிறவன் கண்ணாடியில் விழுந்தால் என்னைத்தான் பிடிப்பார்கள்."

மூன்று ஸ்லெட்டும் மரங்களுக்குள் மறைந்தன. நான் டெக்கில் ஏறிப் பெருக்க ஆரம்பித்தேன்.