நாய்க்கடி ஊசியும் தட்டம்மை ஊசியும்

திருப்பூர்ல நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்களுக்கு நாய்க்கடி பயம் புதுசில்லை. கைக்குழந்தையைக் கடித்தால் இன்னொரு கணக்கும் சேர்கிறது.

ரேபிஸ் தடுப்பூசி பலன்தர ஒரு வாரமாவது ஆகும். அதுவரை காக்க, ரெடிமேட் எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்திலேயே போடுவார்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் போடமாட்டார்கள். உடம்பு தானே உண்டாக்குவதை அது அமுக்கிவிடும்.

மனித ரத்தத்திலிருந்து எடுத்ததென்றால், அதில் தட்டம்மைக்கான எதிர்ப்பொருளும் இருக்கும். 9 மாதத்திலும் 16–24 மாதத்திலும் போடுகிற தட்டம்மை–ரூபெல்லா ஊசியில் இருப்பது வலுக்குறைத்த, உயிருள்ள வைரஸ். அதை இது வளரவிடாது. அட்டையில் டிக் விழும், பாதுகாப்பு இருக்காது. வெளியே ஒண்ணும் தெரியாது. அதனால்தான் 4 மாத இடைவெளி. போலியோ சொட்டு மருந்துக்கு இந்தத் தடை இல்லை.

தள்ளவேண்டியது தட்டம்மை ஊசியை மட்டும்தான், நாய்க்கடி வைத்தியத்தை இல்லை. கம்பெனி மாறி ஊர் மாறுறவங்க, எந்த மருந்து, என்னைக்குன்னு எழுதி வாங்கி, தடுப்பூசி அட்டையோடயே வச்சுக்கோங்க.