இறுக்கிப் பூட்டியும் ஏன் கழல்கிறது?

சுழல் துப்பாக்கி என்று எழுதினாலும் நாம் வாயால் சொல்வது ரிவோல்வர் என்றுதான். அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெசன் கம்பனி 1899 இல் வெளியிட்ட .38 ரிவோல்வர், அந்த நாட்டுப் பொலிஸாரின் இடுப்பில் பல தசாப்தங்கள் தொங்கியது. ஆறு ரவைகளும் தீர்ந்ததும் உருளையை இடப்பக்கமாக வெளியே தள்ளி, அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை அமுக்கினால் வெற்றுக் கோதுகள் விழும். புதிய ரவைகளைப் போட்டு மூடிவிடலாம்.

அந்தக் கம்பி மரை போட்டுப் பூட்டப்பட்டது. அது சற்றே கழன்றாலும் முன்பக்கமாக நீளும். நீண்ட நுனி, குழலின் கீழே உள்ள பூட்டில் போய் முட்டி இறுகிவிடும். அதன் பிறகு உருளை வெளியே வராது. ரவைகள் தீர்ந்த துப்பாக்கி, திறக்கவும் முடியாத துப்பாக்கி. எதிரில் ஒருவர் சுட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு பொலிஸ்காரருக்கு இது நேர்ந்தால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை.

யாரோ சரியாக இறுக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கோளாறு இறுக்கியவரிடம் இல்லை, மரையின் திசையில் இருந்தது. இந்த ரிவோல்வரின் உருளை, பின்னால் இருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கம்பியும் கூடவே சுற்றும். ஆனால் கம்பியின் நுனி முன்பூட்டில் உரசுவதால் அது எப்போதும் கொஞ்சம் பின்தங்கப் பார்க்கும். வழக்கமான வலது மரையில் இந்தப் பின்தங்கல் கழற்றும் திசையிலேயே அமைந்தது. சுடச் சுடத் துப்பாக்கி தன்னைத்தானே கழற்றிக்கொண்டிருந்தது. 1960 ஆம் ஆண்டளவில் கம்பனி மரையை இடதுபுறமாக மாற்றியது. அதே உரசல் அன்றிலிருந்து கம்பியை இறுக்கத் தொடங்கியது.

சைக்கிளின் இடப்பக்கப் பெடலுக்கும் இடது மரைதான். அதை வழக்கமான திசையில் திருகி மரையைக் கெடுத்து, கடைக்காரரிடம் ஏச்சு வாங்கியவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்போம்.

எல்லாத் திருகாணிக்கும் மரையைத் திருப்பி வைத்துவிட முடியாது. பெரும்பாலானவை ஒரே திசையில் சுற்றும் பொருளில் இல்லை. அதிரும் பொருளில் இருக்கின்றன. அவை ஏன் கழல்கின்றன என்பதற்கு, முதலில் ஒரு திருகாணி எப்படிப் பிடித்து நிற்கிறது என்று பார்க்கவேண்டும். இறுக்கும்போது அது மிக மிகச் சிறிய அளவில் நீள்கிறது. இழுபட்ட ஸ்பிரிங் போல மறுபடி சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புத்தான் இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்தி வைக்கிறது. அழுத்தத்தால் வரும் உராய்வு மரையைச் சுழலவிடாமல் பிடிக்கிறது. மரையோ ஒரு சாய்தளம். உராய்வு இல்லாவிட்டால் எந்த நட்டும் தன் பாட்டில் வழுக்கி இறங்கிவிடும்.

1969 இல் ஜேர்மனியப் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். திருகாணியின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்காக வரும் அசைவுதான் அதனை வேகமாகக் கழற்றுகிறது என்று அவர் காட்டினார். பூட்டிய இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் முன்னும் பின்னும் ஆட்டும் இயந்திரம் ஒன்றில் வைத்தால், சில நூறு அசைவுகளுக்குள்ளேயே நன்கு இறுக்கிய போல்ற்றின் இழுப்புக்கூட இல்லாமல் போய்விடலாம். கனமான அலுமாரியை நேராக இழுத்தால் அசையாது; பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இழுத்தால் நகரும். ஒரு திசையில் வழுக்கத் தொடங்கிய பொருள் எந்தத் திசையிலும் எளிதாக வழுக்கும். போல்ற் கழல்வதும் அப்படித்தான்.

ரிவோல்வரின் பக்கத் தகட்டைப் பிடித்திருக்கும் சிறு திருகாணிகளுக்கு ஒவ்வொரு வெடியும் ஓர் உதை. கொஞ்சக் காலத்தில் ஒன்றிரண்டு தளர்வது இயல்பு. கெட்டுப்போவது பெரும்பாலும் அதன் பிறகு நடக்கும் வைத்தியத்தில்தான். வீட்டில் கிடக்கும் ஸ்குறூ டிரைவரின் நுனி ஆப்பு வடிவில் சரிந்திருக்கும். பலமாகத் திருகினால் அது வெட்டிலிருந்து மேலேறி, திருகாணியின் தலையைச் சிதைத்துவிடும். அதனால் துப்பாக்கி திருத்துபவர்கள் நுனி சரியாமல் ஒரே தடிப்பில் உள்ள, வெட்டின் அகலத்துக்குப் பொருந்தும் டிரைவரையே பயன்படுத்துவார்கள். அளவுக்கு மீறி இறுக்குவது இன்னொரு தவறு. முன்பக்கத் திருகாணிதான் உருளை தொங்கும் கையையும் பிடித்துவைக்கிறது. அதன் இடத்தில் தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் வேறொன்றைப் பூட்டினால் உருளை திறந்து மூடுவது இறுகிப் போகலாம்.

இதற்கு இன்று உலகெங்கும் பயன்படுவது மரைப்பசை. அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வேர்னன் கிரீபிள் 1953 இல் உருவாக்கிய லொக்டைட் அதில் பிரபலமானது. சாதாரணப் பசை காற்றில் காயும். இதுவோ காற்று இல்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டால்தான் இறுகும். அதனால்தான் புதுப் போத்தலிலும் பாதிக்குமேல் காற்றாகவே இருக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். நீல நிறத்தைப் போட்டால் பிறகு கைக்கருவியால் கழற்றலாம். சிவப்பைப் போட்டால் ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வரை சூடாக்கித்தான் கழற்றவேண்டி வரும். சிறு திருகாணிகளுக்கு ஊதா இருக்கிறது. ரிவோல்வரில் ஒரு சிறு துளிக்கு மேல் போட்டால் உள்ளே வழிந்து, அசையவேண்டிய பாகங்களையும் ஒட்டிவிடும்.

நம் ஊர் கராஜ்களில் அதிகம் நம்பப்படுவது, வெட்டுள்ள ஸ்பிரிங் வொஷர். இறுக்கியதும் அது தட்டையாகிவிடுகிறது. பிறகு சாதாரண வொஷருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கழலாமல் தடுப்பதற்கு இது பயனற்றது என்று நாசாவின் 1990 ஆம் ஆண்டுக் கையேடு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆனாலும் கேட்டால் மெக்கானிக் அதைத்தான் எடுத்துத் தருவார். எனக்கும் அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

சரியான மருந்தைத் தேர்ந்தாலும் விஷயம் முடிவதில்லை. 2007 ஓகஸ்ட் 20 அன்று ஜப்பானின் நாஹா விமான நிலையத்தில் சைனா எயார்லைன்ஸ் விமானம் ஒன்று தரையிறங்கி, நிறுத்துமிடத்துக்கு வந்ததும் தீப்பற்றியது. இறக்கையின் உள்ளே கழன்று விழுந்த ஒரு போல்ற், எரிபொருள் தாங்கியைத் துளைத்திருந்தது. அந்த நட் கழலக்கூடும் என்பது முன்பே தெரியும். அது கழலாமல் இருப்பதற்கான பராமரிப்பு வேலை சில வாரங்களுக்கு முன்னர் செய்யப்பட்டும் இருந்தது. அந்த வேலையின்போதுதான் ஒரு வொஷர் விழுந்துபோனது. வொஷர் இல்லாததால் நட்டும் போல்ற்றும் துளைக்குள்ளால் நழுவின. விமானத்தில் இருந்த 165 பேரும் உயிர் தப்பினார்கள். விமானம் எரிந்து போனது.

அதே ஆண்டு பெப்ரவரி 23 அன்று இங்கிலாந்தின் கிரேரிக் பகுதியில் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. லண்டனிலிருந்து கிளாஸ்கோ நோக்கி மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் வேகத்தில் சென்ற ரயில் தடம்புரண்டது. தண்டவாளம் பிரியும் இடத்தில், அசையும் இரு தண்டவாளங்களையும் சரியான இடைவெளியில் வைத்திருக்கும் கம்பிகளின் போல்ற்றுகள் கழன்றிருந்தன. பயணி ஒருவர் இறந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 2002 மே 10 அன்று, லண்டனுக்கு வடக்கே பொட்டர்ஸ் பாரில் ஏழு பேர் இறந்த விபத்திலும் இதேபோன்ற கம்பிகளின் நட்டுகளே கழன்றிருந்தன.

ஒரு கோடு வரைந்துவிட்டால் நட் அசைந்ததா இல்லையா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நட்டின் மேலும் அதன் அடியில் உள்ள உலோகத்தின் மேலும் சேர்த்து ஒரே வர்ணக் கோடு. நட் திரும்பினால் கோடு உடையும். விமானப் பராமரிப்பில் இது பழைய வழக்கம். செலவு ஒரு தூரிகையும் கொஞ்சம் வர்ணமும். ஆனால் கோடு உடைந்ததைக் காண யாராவது அந்த இடத்துக்குப் போகவேண்டும். கிரேரிக்கில் தண்டவாளத்தின் அந்தப் பகுதியைப் பார்வையிட வேண்டிய நாள் பெப்ரவரி 18. அன்று அது பார்க்கப்படவில்லை; ஐந்தாம் நாள் ரயில் வந்தது. 2012 இல் நீதிமன்றம் தண்டவாளத்துக்குப் பொறுப்பான நெட்வேர்க் ரெயில் நிறுவனத்துக்கு 40 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது.