திருடியவரும் வாங்கியவரும் ஒரே கூண்டில் ஏன்?

லாரி செட்டில் இருபது மூட்டை துவரம் பருப்பு திருட்டுப் போகிறது. திருடியவர் அதை ஒரு மளிகைக் கடையில் விற்றுவிடுகிறார். போலீசார் திருடியவரை முதல் எதிரியாகவும், கடைக்காரரை இரண்டாம் எதிரியாகவும் சேர்த்து ஒரே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறார்கள். "காசு கொடுத்து வாங்கின என்னைத் திருடனோடு நிறுத்தலாமா?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். நிறுத்தலாம் என்கிறது சட்டம்.

ஒவ்வொரு குற்றத்துக்கும் தனிக் குற்றச்சாட்டு, தனி விசாரணை என்பதே பொது விதி. இதற்கு விலக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ஆம் பிரிவாக இருந்தது, 1-7-2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 246-ஆம் பிரிவாக உள்ளது. இதன்படி,

1. ஒரே நிகழ்ச்சியில் ஒரே குற்றம் செய்தவர்கள்,
2. குற்றம் செய்தவரும் தூண்டியவரும்,
3. ஒரே நிகழ்ச்சித் தொடரில் வெவ்வேறு குற்றம் செய்தவர்கள்,
4. திருடியவரும் திருட்டுப் பொருளை வாங்கியவரும்

ஆகியோரைச் சேர்த்து விசாரிக்கலாம். அதே சாட்சிகளை இருமுறை அலைக்கழிக்காமலும், இரு நீதிமன்றங்கள் முரணாகத் தீர்ப்புச் சொல்லாமலும் இருக்கவே இந்த ஏற்பாடு. 'லாம்' என்பதைக் கவனியுங்கள், கட்டாயமில்லை. சேர்த்து விசாரித்தால் தமக்குப் பாதகம் என்று காட்டி, தனி விசாரணை கோரலாம். முதல் எதிரி தலைமறைவானால், வழக்கைப் பிரித்து நடத்தும்படியும் மனுச் செய்யலாம்.

கூண்டு ஒன்றானாலும் கணக்கு தனித்தனி. முதல் எதிரி மீது திருட்டுக் குற்றச்சாட்டு. கடைக்காரர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு: திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி வாங்கியது. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். திருட்டு நிரூபணமானதாலேயே கடைக்காரர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். அவர் தெரிந்து வாங்கினார் என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும். "தெரிந்துதான் வாங்கினார்" என்று முதல் எதிரி போலீசாரிடம் சொன்ன வாக்குமூலம் அதற்குப் போதாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. திருட்டு நடந்த சில நாட்களுக்குள் பொருள் நம்மிடம் இருந்து, வந்த வழியைச் சொல்ல முடியாவிட்டால், தெரிந்தே வாங்கியதாக நீதிமன்றம் ஊகிக்கலாம். மார்க்கெட் விலைக்கு மிகக் குறைவாக, பில் இல்லாமல், இரவில் இறக்கிய சரக்கு என்றால் சந்தேகம் வலுக்கும்.

ஆகவே பில், விற்றவர் முகவரி, வங்கி வழிப் பணம், கொள்முதல் பேரேட்டில் அன்றைய பதிவு ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். திருடனோடு நிற்க நேர்ந்தாலும் நம் கணக்கைத் தனியே காட்ட இவையே துணை.