முத்துக் கரையில் ஒரு விடுமுறை

ஆண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்த மறுகணமே வகுப்பறையில் எழும் கேள்வி, "இந்த விடுமுறைக்கு எங்கேடி போகிறாய்?" என்பதுதான். ஒருத்தி ஊட்டி என்பாள். இன்னொருத்தி கொடைக்கானல் என்பாள். வசதி படைத்தவர்கள் சிங்கப்பூர் என்றும் சுவிட்சர்லாந்து என்றும் சொல்வார்கள். எங்கும் போகாதவள் மட்டும், "நம்மூரில் என்ன இருக்கிறது? கடலும் உப்பளமும்தானே!" என்று பெருமூச்சு விடுவாள்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. ஆனால், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அக்கரையில் உள்ளவர்கள் தேடி வந்த கரை நம்முடைய கரை என்பதை நாம் மறந்துவிடலாமா? முதலில் உலகைச் சற்றே சுற்றிவிட்டு, பிறகு நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

உலகின் முத்து நகரங்கள்

ஜப்பான் நாட்டில் தோபா என்றோர் ஊர் உண்டு. மிகிமோத்தோ என்பவர் 1893ஆம் ஆண்டு இப்பகுதியில்தான் சிப்பிக்குள் செயற்கை முறையில் முத்தை விளைவித்து வெற்றி கண்டார். அங்குள்ள சிறு தீவு இன்று அவர் பெயரால் முத்துத் தீவாக விளங்குகிறது. 'அமா' எனப்படும் பெண்கள் வெண்ணிற உடை உடுத்திக் கடலில் மூழ்கிக் காட்டுவதைப் பயணிகள் கண்டு வியக்கின்றனர். ஆம், அங்கே கடலில் மூழ்குவோர் பெண்கள்!

பாரசீக வளைகுடாவில் உள்ள பஹ்ரைன் நாட்டின் முஹர்ரக் நகரில், முத்து வணிகர்களின் வீடுகளும் பண்டகசாலைகளும் கடலிலுள்ள சிப்பித் திட்டுகளும் 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள புரூம் என்னும் ஊரில் ஆண்டுதோறும் முத்துத் திருவிழா நடைபெறுகிறது. அவ்வூரின் ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். அவர்களில் பலர் முத்துச் சிப்பி எடுக்கக் கடலில் இறங்கி உயிர் துறந்தவர்கள். பயணிகள் அங்கும் சென்று தலை வணங்குகின்றனர்.

இவ்வூர்களெல்லாம் தங்கள் பழம்பெருமையைப் போற்றி உலகத்தை அழைக்கின்றன. ஆனால் இவற்றுக்கெல்லாம் மூத்தவள் என்று சொல்லத்தக்க நம் மன்னார் வளைகுடாக் கரையை நம்மில் எத்தனை பேர் முழுமையாகக் கண்டிருக்கிறோம்?

முத்துக் குளித்த கதை

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், பாண்டியரின் கொற்கையில் முத்துக் குளிக்கும் தொழிலில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. அரசியரின் கழுத்தை அலங்கரித்த முத்து, கைதியின் மூச்சில் பிறந்தது!

மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று முன்னோர் நம்பினர். உண்மையில், சிப்பிக்குள் புகுந்துவிட்ட அயற்பொருளைச் சுற்றி அதன் மென்மையான உடல் பளபளப்பான சுரப்பை அடுக்கடுக்காகப் படியவிடுவதாலேயே முத்து உருவாகிறது. சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். முத்துக் குளிப்புக்குச் 'சலாபம்' என்று பெயர். கடல் அமைதியாக இருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களே அதற்கு ஏற்ற பருவம்.

குளிப்பவர் கனமான கல்லில் காலை ஊன்றி, மூச்சடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கையில் கிடைத்த சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பார். படகில் நிற்கும் துணையாள் உடனே மேலே இழுக்க வேண்டும். அவர் கவனம் தப்பினால் கீழே உள்ளவரின் உயிர் தப்பாது. இத்தனை பாடுபட்டு எடுத்த சிப்பிகளிலும் பெரும்பாலானவை வெறுஞ்சிப்பிகளே!

இக்கடற்கரையில் பெரிய அளவிலான முத்துக் குளிப்பு 1955ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கி 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பார்களில் சிப்பி வளம் குன்றியதே காரணம். பின்னர் 1973ஆம் ஆண்டு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் தூத்துக்குடியில் செயற்கை முறையில் முத்தை விளைவித்தனர். சங்கு குளிப்போர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

முதல் நாள்: தூத்துக்குடி

நம் பயணத்தைப் பனிமய மாதா பேராலயத்தில் தொடங்குவோம். அன்னையின் திருச்சுரூபம் 1555ஆம் ஆண்டு மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது வழிவழிச் செய்தி. இப்போதுள்ள ஆலயம் 1713ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1982ஆம் ஆண்டு இதைப் பேராலயமாக உயர்த்தினார். ஆகஸ்டு 5ஆம் நாள் பெருவிழாவின்போது சாதி, சமய வேறுபாடின்றி மக்கள் திரள்வதைக் காணக் கண் கோடி வேண்டும். சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே பவனி வரும் தங்கத் தேர் முதன்முதலில் 1806ஆம் ஆண்டு ஓடியது.

அடுத்துத் துறைமுகம். 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நிறுவி, ஆங்கிலேயருக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்ட வ.உ. சிதம்பரனாரின் பெயரையே துறைமுகம் இன்று தாங்கி நிற்கிறது. 1974ஆம் ஆண்டு இது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

ஊருக்கு வெளியே உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று மின்னுகின்றன. பார்க்கும் நமக்கு அந்த வெண்மை அழகு. பகலெல்லாம் வெயிலில் நின்று உப்பு வாரும் தாய்மார்களுக்கு அது கண் எரிச்சல். அவர்களிடம் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசிவிட்டு வாருங்கள். மாலையில் கடைத்தெருவில் மக்ரூன் வாங்க மறக்காதீர்கள். முட்டையின் வெள்ளைக் கரு, முந்திரிப் பருப்பு, சர்க்கரை ஆகிய மூன்றும் சேர்ந்து வாயில் கரையும் அந்தப் பண்டம் நம்மூரின் இனிய அடையாளம்.

இரண்டாம் நாள்: ஆற்று முகத்துவாரம்

திருச்செந்தூர் சாலையில் தெற்கே சென்றால் பழையகாயல், கொற்கை, புன்னைக்காயல் ஆகிய மூன்று ஊர்களையும் காணலாம். கொற்கையில் நின்று, "துறைமுகம் எங்கே?" என்று தேடினால் வயலும் வாழையும்தான் தெரியும். கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் மண் நிறைந்து நிறைந்து கரையை முன்னே தள்ளிவிட்டது. கொற்கைக்குப் பின் காயல் செழித்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரேபியக் குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் காயலில் நின்றதை எழுதியிருக்கிறார். காலப்போக்கில் அதுவும் தூர்ந்தது, தூத்துக்குடி உயர்ந்தது. பூகோளப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்த ஆற்று வண்டல், பேரரசின் துறைமுகத்தையே இடம்பெயர வைத்ததை இங்கே கண்ணால் காணலாம்.

ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள புன்னைக்காயல், அன்றீக்கே அடிகளார் தமிழ்ப்பணி புரிந்த ஊர். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சாயிற்று. இந்தியமொழி எழுத்துகளில் அச்சேறிய நூல்களில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் அது. நம் தமிழ்தான் அந்தப் பெருமையைப் பெற்றது.

திருநெல்வேலி செல்லும் சாலையில் ஆதிச்சநல்லூருக்கும் சென்று வரலாம். பழங்காலத் தமிழர் தம் முன்னோரைத் தாழிகளில் அடக்கம் செய்த இடம் அது. 2023ஆம் ஆண்டு முதல், அகழ்ந்த குழிகளின் மேல் கண்ணாடி பதித்து, தாழிகளை இருந்த இடத்திலேயே காணும்படி அமைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: மணப்பாடு வரை

பழமையான பள்ளிவாசல்கள் நிறைந்த காயல்பட்டினத்தைக் கடந்து, தூத்துக்குடியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்செந்தூரை அடைவோம். அலைகள் அடிவருடும் முருகன் கோவிலின் அருகே நாழிக்கிணறு உள்ளது. கடலுக்கு இவ்வளவு அருகில் நல்ல தண்ணீர்! அதற்கும் தெற்கே, தசராப் பெருவிழாவுக்குப் பெயர் பெற்ற குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது.

பயணத்தின் நிறைவு மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் உச்சியில், 1581ஆம் ஆண்டு கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. புனித சவேரியார் 1542ஆம் ஆண்டு இக்கரைக்கு வந்தபோது தங்கிச் செபித்த குகை அதன் அடியில் உள்ளது. அக்குகைக் கிணற்றிலும் நல்ல தண்ணீரே கிடைக்கிறது. மொழி தெரியாத நாட்டில், செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து, கைமணி அடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தவர் அவர். அவரும் ஒரு பயணிதான். ஆனால் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிய பயணி அல்லர்.

விருந்தினரின் கடமை

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. பவளப் பாறைகளும் கடற்பசுக்களும் அங்கே வாழ்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததால், அலையைத் தடுக்கும் அரண் குலைந்தது. தூத்துக்குடியை அடுத்த விலங்குசல்லி என்னும் தீவு கடலுக்குள் மூழ்கியே போயிற்று. வான் தீவைக் காக்க 2015ஆம் ஆண்டு முதல் செயற்கைத் திட்டுகள் கடலில் இறக்கப்பட்டன.

எனவே தோழியரே, வனத்துறையின் அனுமதியின்றி அத்தீவுகளுக்குச் செல்லாதீர்கள். யார் விற்றாலும் பவளத்தை வாங்காதீர்கள். கொண்டுபோன நெகிழிப் பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். விருந்துக்குச் சென்ற வீட்டை யாராவது பாழாக்குவார்களா?

ஒரு நோட்டுப் புத்தகம்

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பயணத்துக்குப் பணம் அதிகம் வேண்டாம். பேருந்துக் கட்டணமும் கட்டுச் சோறும் போதும். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம் வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சலாபத்தில் இருபது வயது இளைஞராகக் கடலில் இறங்கியவருக்கு இன்று எண்பது வயது கடந்திருக்கும். மூச்சடக்கிய அந்த ஒரு நிமிடத்தில் கடலடியில் என்ன கண்டார், கயிற்றைப் பிடித்து நின்றவர் யார், முதல் முத்தை எடுத்தபோது என்ன நினைத்தார் என்பதையெல்லாம் சொல்லக் கூடியவர்கள் இன்னும் சிலரே இருக்கின்றனர். அவர்கள் நம் தெருவிலேயே, நம் வீட்டுத் திண்ணையிலேயே தாத்தாவாக அமர்ந்திருக்கலாம்.

கொற்கைக் கடலில் இறங்கிய கைதிகளின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. புரூம் நகரில் கல்லறைகளாவது இருக்கின்றன. நம் தாத்தாக்களின் பெயர்களையும் நினைவுகளையும் எழுதி வைக்க நாம் இருக்கிறோம் அல்லவா? சுவிட்சர்லாந்தின் பனிமலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். இவர்கள் இருப்பார்கள் என்று உறுதி கூற முடியாது. ஆகவே, இந்த விடுமுறையிலேயே புறப்படுவோம்!