ஸ்தூல சரீரமும் தாயின் ஆகாரமும்

1944-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெர்மானியப் படைகள் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாதபடி வழியை அடைத்தபோது, ஆம்ஸ்டர்டாம் முதலான நகரங்களில் ஒருவருக்குக் கிடைத்த ரேஷன் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குக் கீழே இறங்கி, அடுத்த ஆண்டின் ஆரம்ப மாதங்களில் அதிலும் பாதியளவுக்கு வந்துவிட்டது. டூலிப் செடியின் கிழங்கையும், சர்க்கரை ஆலைக்கென விளைந்த பீட் கிழங்கையும் வேகவைத்துத் தின்று ஜனங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் 20,000 பேர் வரையில் மாண்டார்கள். அந்தக் கொடிய குளிர்காலத்திலும் ஸ்திரீகள் கருவுற்றார்கள், பிரசவித்தார்கள். அப்போது கருவில் இருந்த ஆண் குழந்தைகள் வளர்ந்து, பத்தொன்பதாம் வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்து நின்றார்கள். சுமார் 3 லட்சம் வாலிபர்களைப் பற்றிய அந்தப் பரிசோதனைக் குறிப்புகளை அலசி 1976-இல் வெளியான ஆராய்ச்சி ஒரு விசித்திரத்தைக் காட்டிற்று. கர்ப்பத்தின் முற்பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால், மகனுக்கு உடற்பருமன் உண்டாவது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. கடைசி மாதங்களில் பட்டினி கிடந்திருந்தாலோ, குறைவாக இருந்தது.

பட்டினி கிடந்தவள் தாய், பருத்தவன் மகன். இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு ஒரு தடயம் 2008-இல் கிடைத்தது. பஞ்சத்தின்போது கருவாகிப் பின் பிறந்தவர்களின் ரத்தத்தை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, பஞ்சத்துக்கு வெளியே பிறந்த அவர்களுடைய உடன்பிறந்தாரின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிசுவின் வளர்ச்சியில் பங்குகொள்ளும் ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவின்மேல் இருக்கவேண்டிய ரசாயன அடையாளம், பஞ்சக் குழந்தைகளிடம் குறைந்திருந்தது.

அந்த அடையாளம் யாதெனில், ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மீத்தைல் என்னும் சிறு தொகுதி. டி.என்.ஏ.யின் எழுத்துக்களில் ஒன்றும் மாறுவதில்லை. ஆயினும் அவ்வெழுத்துக்களின்மேல் மீத்தைல் அடர்ந்து படிந்த இடத்தில் மரபணு பெரும்பாலும் ஓய்ந்துகிடக்கிறது, விலகிய இடத்தில் வேலை செய்கிறது. கல்லீரலின் உயிரணுவும் கண்ணின் உயிரணுவும் ஒரே டி.என்.ஏ.யை வைத்துக்கொண்டு வெவ்வேறு காரியம் செய்வது இத்தகைய அடையாளங்களால்தான். இவற்றை ஆராயும் சாஸ்திரத்துக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். 2003-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாட்டர்லண்டும் ஜிர்ட்டிலும், மஞ்சள் மயிரும் பருத்த உடலும் வாய்க்கும் ஒரு மரபணுவைத் தாங்கிய எலி இனத்தில், கருவுற்ற தாய் எலிகளுக்கு ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 முதலிய மீத்தைல் தரும் சத்துக்களைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவற்றின் குட்டிகளில் பழுப்பு நிறத்தன மிகுந்தன. மரபணு அதே மரபணுவாக இருக்க, தாயின் ஆகாரம் அதன் வாயை அடைத்துவிட்டது.

இது நமக்கு எட்டாத தேசத்துக் கதை அன்று. புனே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்ஞிக், அந்நகருக்கு அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த சிசுக்களை அளந்து பார்த்தார். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தைகளுக்குக் குறைந்திருந்தது பெரும்பாலும் தசை. முதுகுத் தோலின் அடியிலிருந்த கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தோன்றும் குழந்தைக்குள்ளே கொழுப்பு மறைந்திருந்தது. பெரியவர்களிடமும் இதைக் காட்டுவதற்கு அவரும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் தங்களையே அளந்து 2004-இல் வெளியிட்டார்கள்: உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு இருவருக்கும் 22.3, உடற்கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்ஞிக்குக்கு 21.2 சதவீதம். ஆகையால்தான் இந்தியருக்குக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்றும், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்றும் வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். தராசை மட்டும் நம்பாமல் அளவு நாடாவையும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

புனே கிராமங்களில் நடந்த அதே ஆராய்ச்சியில் பி12 குறைவாகவும், ஃபோலிக் அமிலத்தின் இனமான ஃபோலேட் மிகுதியாகவும் இருந்த தாய்மாரின் குழந்தைகள், ஆறாம் வயதில் இன்சுலினுக்கு மந்தமாகவே இணங்கின என்பதும் தெரியவந்தது. இதைக் கேட்டு எந்தக் கர்ப்பிணியும் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. சிசுவின் முதுகுத்தண்டைக் காப்பது அது. பாலும் தயிரும் முட்டையும் மீனும் அரிதாகச் சேரும் வீட்டுப் பெண்ணாயின், பி12 அளவையும் பரிசோதிக்கும்படி டாக்டரைக் கேட்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி, பிரமை கொள்ளாதிருக்கவும் சில சொல்லவேண்டும். லண்டன்வாழ் இந்திய வம்சாவளியினர் உட்பட 10,000 பேருக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்து 2017-இல் வெளியான ஆராய்ச்சியில், பருமனோடு தொடர்புள்ள 187 இடங்கள் டி.என்.ஏ.யில் தென்பட்டன; ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பருமனால் விளைந்த மாறுதல்களே என்று அவ்வாராய்ச்சியாளர்கள் முடிவு செய்தார்கள். 2024-இல் ஜூரிச்சிலிருந்து வந்த செய்தி இன்னும் கவனத்துக்குரியது: எடை குறைந்த பின்னும் கொழுப்பு உயிரணுக்கள் பழைய பருமனின் அடையாளத்தை வைத்திருக்கின்றன; அவ்வாறு பருத்துப் பின் மெலிந்த எலிகளுக்குக் கொழுப்பு உணவு கிடைத்தால் அவை மற்றவற்றைவிட விரைவாகப் பருக்கின்றன. அரும்பாடுபட்டு மெலிந்தவர் மீண்டும் பருத்தால், மனவுறுதி இல்லாதவர் என்று அவரை இகழ்வது எவ்வளவு அநியாயம் என்பது இதனால் விளங்கும். எனினும் இவ்வடையாளங்கள் எல்லாமே அழியாதவை அல்ல. ஆறு மாதத் தேகப்பயிற்சிக்குப் பின் கொழுப்புத் திசுவில் மீத்தைல் அடையாளங்கள் மாறியதை ஸ்வீடனில் 2013-இல் கண்டிருக்கிறார்கள்.

இந்த ஞானத்தைக் கொண்டு தாய்மாரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது கொடுமை. ஆம்ஸ்டர்டாம் தாய் பட்டினியைத் தானாகத் தேர்ந்துகொள்ளவில்லை. எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சியதை வழித்து உண்ணும் நம் வீட்டு மருமகளும் தேர்ந்துகொள்ளவில்லை. அவளுக்குச் சட்டப்படி பாத்தியதை உண்டு. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும் அங்கன்வாடி மூலம் இலவச உணவும், சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர் போன்ற சிலர் நீங்கலாக மற்றவர்க்கு 6,000 ரூபாய்க்குக் குறையாத பணமும் தரவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ள ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் பெறுமான உதவி உண்டு. கருவுற்றது தெரிந்ததுமே கிராம செவிலியரிடம் பதிந்துகொள்ளாதவர்கள் தவணையை இழந்து தவிக்கிறார்கள். அங்கன்வாடியில் சத்துமாவு வரவில்லை என்ற பதில் கிடைத்தால், வாய்மூடித் திரும்பவேண்டியதில்லை. மாவட்டக் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். அவர் தீர்ப்பு திருப்தி தராவிடில் மாநில உணவு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். தரவேண்டிய உணவைத் தராத காலத்துக்கு உணவுப் பாதுகாப்புப் படி என்று பணம் கோரவும் அச்சட்டம் இடமளிக்கிறது.

மற்றொரு அபாயம் விளம்பர ரூபத்தில் வருகிறது. “உங்கள் டி.என்.ஏ.வுக்கேற்ற உணவு”, “கொழுப்பு மரபணுவை அணைக்கும் பொடி” என்ற வாசகங்கள் கைபேசியில் மின்னுகின்றன. உமிழ்நீரைச் சோதித்து, இன்னார் இன்ன ஆகாரத்தால் மெலிவார் என்று நிச்சயித்துச் சொல்லும் நிலையை எபிஜெனெடிக்ஸ் இன்னும் எய்தவில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் உடற்பருமனும் ஒன்று. அதைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே குற்றம். ஏமாந்தவர்கள் ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்ற நுகர்வோர் எண்ணில் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அதற்குக் கட்டணமும் இல்லை.

பரிசோதனைக்கு உமிழ்நீர் கொடுக்குமுன் இன்னொன்று. மரபணுத் தகவலைக் காட்டி வேலையோ மருத்துவக் காப்பீடோ மறுக்கலாகாது என்று அமெரிக்கா 2008-இல் ஒரு சட்டம் இயற்றியது. நம் நாட்டில் அதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. ஆதலின் மாதிரியை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், முடிவை யாரிடம் கொடுப்பார்கள், கேட்டால் அழிப்பார்களா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கையெழுத்திடவேண்டும். பதில் தர மறுக்கும் நிறுவனத்துக்கு ஒரு சொட்டும் கொடுக்கவேண்டாம்.