மாய்ச்சர் என்றால் என்ன?



அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலைய வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "மாய்ச்சர் ஜாஸ்தி, காயவச்சுக் கொண்டாங்க" என்ற பேச்சு காதில் விழும். இங்கிலீஷ் வார்த்தைதான், இன்று பள்ளிக்கூடம் போகாதவர்களும் சொல்கிறார்கள். பொருள், ஈரப்பதம். ஆனால் நெல்லில் சொல்கிற ஈரப்பதம் வேறு, காற்றில் சொல்வது வேறு.

முதலில் நெல். மாய்ச்சர் 22 என்றால் 100 கிலோ நெல்லில் 22 கிலோ தண்ணீர், மீதி 78 கிலோதான் காய்ந்த சரக்கு. அரசு கொள்முதலுக்கு வரம்பு 17 சதவீதம். மழைக் காலத்தில் மத்திய அரசு தளர்த்துவதும் உண்டு. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு 19 வரை அனுமதித்தார்கள். அதை நம்பி ஈர நெல்லை மூட்டை கட்டிவிடாதீர்கள்.

ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "22லேருந்து 17க்கு வந்தா நூறு கிலோவுக்கு அஞ்சு கிலோதானே சார் குறையணும்? ஆறு கிலோ குறையுதே, தராசுல கோளாறா?" தராசு சரியாகத்தான் இருந்தது. காய்ந்த சரக்கு 78 கிலோ அப்படியே இருக்கிறது. 17 சதவீதத்தில் அது நூற்றில் 83 பங்காக வேண்டும். கணக்குப் போட்டால் மொத்த எடை 94 கிலோ. போன ஆறு கிலோவும் தண்ணீர்தான். தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் அவர் சமாதானமானார்.

மீட்டர் தண்ணீரை நேராக அளப்பதில்லை. தானியத்தின் மின் குணத்தைப் பார்த்துக் கணக்கிடுகிறது. களத்துச் சூட்டோடு அள்ளி வைத்தால் தப்பாகக் காட்டும்; நிழலில் ஆறவிட்டுப் பாருங்கள். அம்பாரத்தின் மேல்நெல் மட்டும் காய்ந்திருந்தால் பயனில்லை, குத்தூசி அடிநெல்லையும் எடுத்துவிடும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் பாதிக்குக் கீழே நெல்லைப் போட்டு, வறுத்து ஆறவைத்த உப்பு ஒரு பிடி சேர்த்து, மூடிக் குலுக்குங்கள். கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. 17க்கு இது துல்லியமில்லை. ஆனால் ஒட்டாத நெல்லைத் தைரியமாக ஏற்றலாம்.

காயவைக்கும்போது இரண்டு அங்குல கனத்துக்கு மேல் பரப்ப வேண்டாம். அரை மணிக்கு ஒரு தரம் காலால் துழாவிவிடுங்கள். உச்சி வெயிலில் ஒரேயடியாகக் காய்ச்சினால் மணி உள்ளுக்குள் வெடிக்கும்; மில்லில் நொய்யாகப் போகும். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போடாமல் விட்டால், பகலில் போன ஈரத்தைப் பனி திருப்பிக் கொடுத்துவிடும். விதை நெல்லுக்கு 13, உளுந்து, பாசிப்பயறு விதைக்கு 9 சதவீதத்துக்கு மேல் கூடாது. இதில் அலட்சியம் செய்தால் முளைப்பில் தெரியும்.

அடுத்து, வானிலை அறிக்கையில் "காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம்" என்கிறார்களே, அது காற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர் என்பதல்ல. அந்தச் சூட்டில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் 90 பங்கு ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்று பொருள். இரவில் குளிர்ந்தால் தாங்கும் அளவு குறையும். மிச்சம் பனியாக இறங்கும். இப்படிப்பட்ட நாளில் களத்தில் நெல் காயாது. இரவுக் குளிரும் சேர்ந்து இலை விடியும்வரை நனைந்தே இருந்தால், வயலில் குலைநோய் வருகிறதா என்று பாருங்கள்.

மண் ஈரத்துக்கு மீட்டர் தேவையில்லை. ஒரு பிடி மண்ணை அமுக்கி உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். உதிர்ந்தால் உழவுக்குப் பதம். சப்பையாக ஒட்டிக்கொண்டால் இரண்டு நாள் பொறுங்கள். இப்போதே ஏரோ டிராக்டரோ இறக்கினால் கட்டி தட்டிவிடும்.