குழந்தைகளுக்கு ஃப்ளூ: காய்ச்சலோடு மூச்சையும் கவனியுங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் குழந்தை நல மருத்துவரிடம் டோக்கன் வாங்கக் கூட்டம் கூடிவிடும். வரும் பிள்ளைகளில் பலருக்கு இருப்பது ‘இன்ஃப்ளூயன்சா’ எனும் ஃப்ளூ காய்ச்சல். மழையில் நனைந்ததால் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் இது வைரஸ் தொற்று. இருமல், தும்மல் வழியாகப் பரவுவது.

சளியா, ஃப்ளூவா?

சாதாரணச் சளி மெல்லத் தொடங்கும். ஃப்ளூ திடீரென அடிக்கும். காலையில் ஓடியாடிய பிள்ளை மாலையில் 102, 103 டிகிரி காய்ச்சலுடன் சுருண்டு படுத்துவிடும். உடல்வலி, தொண்டைவலி, வறட்டு இருமல் இருக்கும். சிறு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கும் வரலாம். இதே பருவத்தில் டெங்குவும் பரவுவதால், என்ன காய்ச்சல் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பாராசிட்டமாலை மருத்துவர் சொன்னபடி, எடைக்கேற்ற அளவில் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ‘ரேய்ஸ்’ நோய்க்கு அது வழிவிடலாம். போன முறை மிச்சமான ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. கஞ்சி, தண்ணீர், தாய்ப்பால் என அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இருமலுக்கென்று தேன் தராதீர்கள்.

மூச்சை எண்ணுங்கள்

தெர்மாமீட்டர் சொல்லாததை மூச்சு சொல்லும். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50-ம், 1 முதல் 5 வயது வரை 40-ம் எட்டினால் அது வேக மூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுதல், உதடு நீலமாதல், வலிப்பு, பால் குடிக்க மறுத்தல், பல மணி நேரம் சிறுநீர் கழிக்காமை, விட்ட காய்ச்சல் திரும்ப வருதல் ஆகியவையும் அபாய அறிகுறிகள்தாம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தடுப்பூசி

6 மாதம் நிறைந்த குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போடலாம். முதல் ஆண்டில் 4 வார இடைவெளியில் 2 தவணை. பிறகு ஆண்டுக்கு ஒன்று. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் போன ஆண்டு ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது. எதிர்ப்பாற்றல் உருவாக 2 வாரம் ஆகும் என்பதால் மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. 6 மாதத்துக்கு உட்பட்ட பச்சிளங்குழந்தைக்கு ஊசி கிடையாது. தாய் கர்ப்பகாலத்தில் போட்டுக்கொள்வதும், வீட்டிலுள்ள மற்றவர்கள் போட்டுக்கொள்வதும்தான் அதற்குப் பாதுகாப்பு.

பள்ளிக்கு எப்போது?

வெளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவவும், முழங்கை மடிப்பில் இருமவும் பழக்குங்கள். மருந்து இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகு பள்ளிக்கு அனுப்புங்கள். காலையில் மருந்து கொடுத்துக் காய்ச்சலை அடக்கி அனுப்பினால் மதியத்துக்குள் அது திரும்பிவிடும். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருக்கலாம்.